இறங்கும் வழி

நெருளில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சாளரத்தைத் திறந்தால் பார்சிக் குன்றின் வெட்டுமுகம் தெரியும். நவி மும்பை எழுந்த காலத்தில் கல்லுக்காகக் குடையப்பட்ட குன்று அது. மழை கழுவிய நாள்களில் அந்த வெட்டுமுகத்தில் கரிய அடுக்குகள் துலங்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தில் ஓடிப் பரவி உறைந்த எரிமலைக் குழம்பு. அரிசி களைந்துகொண்டே ஓர் எரிமலையைப் பார்த்திருப்பவர்கள் நாங்கள் என்று அம்மாவிடம் சொன்னபோது, அவர் சாளரத்தைச் சாத்திவிட்டுச் சாரல் அடிக்கிறது என்றார்.

நான் மொழியியல் படித்தவள். சொல்லின் வழியாகவே இந்தக் கல்லிடம் வந்து சேர்ந்தேன். இப்பாறைப் பரப்பை நிலவியலார் 'டெக்கான் ட்ராப்' என்பர். ஸ்வீடிய மொழியில் 'ட்ராப்பா' என்றால் படிக்கட்டு. மராத்தியில் 'காட்' என்னும் சொல் ஆற்றின் படித்துறையையும் குறிக்கும், மலையேறும் வழியையும் குறிக்கும். எங்கோ வடகடல் ஓரத்தில் ஒருவர் பாறையைப் பார்த்தும், இங்கே சஹ்யாத்திரியின் அடியில் ஒருவர் மலையைப் பார்த்தும் படிக்கட்டையே நினைத்திருக்கின்றனர். தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இக்கல்லைக் 'கருங்கல்' என்பர். திருநெல்வேலியில் நம் முன்னோர் கருங்கல் என்றது பெரும்பாலும் வேறு பாறை. பெயர் மட்டும் தொடர்வண்டி ஏறி வந்து எரிமலைக் கல்லின்மேல் அமர்ந்துகொண்டது.

இப்படித் தொடங்கிய ஆர்வம் என்னை லடாக் வரை இழுத்துச் சென்றது. லேயின் வடக்கே கார்துங் லாவைக் கடந்து, கார்துங் சிற்றூரிலிருந்து ஷியோக் ஆற்றை நோக்கி இறங்கும் சாலை எரிமலைப் பாறைகளின் ஊடே செல்கிறது. அவற்றின் வயது ஏறக்குறைய 6.7 கோடி ஆண்டு முதல் 6 கோடி ஆண்டு வரை என அளந்திருக்கிறார்கள். தக்காணக் குழம்பு பெருமளவில் வழிந்தது ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஒரே காலத்தில் எரிந்த இரண்டு நெருப்புகள். இங்கே, இந்திய நிலத்தட்டின் அடியிலிருந்து எழுந்த வெப்பம் தரையைப் பிளந்து வழிந்தது. அங்கே, டெத்திஸ் கடலின் தளம் ஆசியாவின் விளிம்புக்கு அடியில் அமிழ்ந்ததால் உருகிய பாறை வெடித்தது. அன்று இரண்டுக்கும் நடுவே ஒரு கடல் கிடந்தது. இன்று ஒரு சாலை கிடக்கிறது. சாளரத்துக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை ஒரே வண்டியில் போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

அந்த வண்டியில் அப்பாவும் இருக்கவேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை.

அப்பா இருபது வயதில் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தாராவிக்கு வந்தவர். கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநராகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கசாரா காட்டிலும் கண்டாலா காட்டிலும் சுமையேற்றிய லாரியை ஏற்றி இறக்கியவர். எரிமலைப் படிக்கட்டில் அவர் ஏறி இறங்கிய தொலைவைக் கூட்டினால் உலகைச் சில முறை சுற்றியிருப்பார். அந்த முப்பது ஆண்டில் ஒருமுறைகூட அவர் பார்ப்பதற்காக ஒரு மலைக்குச் சென்றதில்லை. பதினைந்து மாதங்களுக்கு முன் அவருடைய இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகு வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் அவரை அழைத்துச் செல்லவேண்டும் என்று எனக்குள் ஓர் அவசரம் பிறந்தது. அவசரத்தில் பிறக்கும் திட்டங்கள் எப்படியிருக்கும் என்பதற்கு என் முதல் திட்டமே சான்று.

அத்தானின் தார் வண்டி, டீசல். நான்கு சக்கர இயக்கம் உண்டு. தரையிடைவெளி 226 மில்லிமீட்டர். மணாலி வழியாகச் செல்வோம். முதல் இரவு மணாலி. மறுநாள் அடல் சுரங்கம் கடந்து பாராலாச்சா லா ஏறிச் சார்ச்சுவில் தங்குவோம். மறுநாள் லே. அதற்கு மறுநாள் கார்துங் லா கடந்து நுப்ராவில் உறங்குவோம். பிறகு கால்சரிலிருந்து அகம் வழியாக ஷியோக் ஆற்றோரத்துக் கரட்டுத் தடத்தில் வண்டியை விடுவோம். எல்லா வினையும் எதிர்காலத் தன்மைப் பன்மை முற்று. 'செல்வோம், கடப்போம், தங்குவோம்.' அழகான தாள். அப்பாவிடம் கொடுத்தேன்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றி இருமுறை படித்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரிம்மா. ஏறுததுக்கு முன்னால எறங்குத வழியப் பாத்துக்கிடணும். இதுல எறங்குத வழி எங்க இருக்கு?"

திரும்பி வரும் நாள்களைக் காட்டினேன். அவர் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் உயரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மேலே போகப்போகக் காற்றில் உயிர்வளியின் விழுக்காடு குறைவதில்லை. காற்றின் அழுத்தமே குறைகிறது. 3,500 மீட்டரில் உள்ள லேயில் அது கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி இருக்கும். கார்துங் லாவில் ஏறக்குறைய பாதி. அந்தக் கணவாயின் பழைய பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. பின்னர் அளந்தவர்கள் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி என்கிறார்கள். ஏறக்குறைய 800 அடி குறைந்தாலும் நெஞ்சுக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை.

உடல் இந்தக் குறைவுக்குப் பழகும். ஆனால் அதன் வேகத்தில்தான் பழகும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், உறங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவேண்டும் என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. என் தாளைப் பார்த்தேன். மணாலி 2,050 மீட்டர். சார்ச்சு ஏறக்குறைய 4,300. ஒரே நாளில் உறங்கும் உயரம் 2,200 மீட்டருக்கு மேல் தாவுகிறது. தலைவலியும் குமட்டலும் முதல் எச்சரிக்கை. அதைக் கேளாமல் மேலே சென்றால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னால் தடுமாறுபவரை உடனே கீழே இறக்கவேண்டும். மருந்தும் உயிர்வளி உருளையும் துணை, இறக்குவதே சிகிச்சை.

அப்பா உடலை விட்டுவிட்டு வண்டியைப் பற்றிக் கேட்டார். அது அவருடைய வழக்கம். டர்போ இல்லாத எஞ்சின் அவ்வுயரத்தில் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். டர்போ உள்ளது ஓரளவு ஈடுகட்டும் என்றேன். தலையசைத்தார். நெருளில் 32 காற்றுப் பிடித்த டயர் கார்துங் லாவில் எவ்வளவு காட்டும் என்று கேட்டேன். "குளுருல கொறையும்" என்றார். குளிரில் குறையும்தான்; ஆனால் வெளியழுத்தம் பாதியானதால் அளவி ஏழு கூட்டிக் காட்டும், வெப்பம் மாறாதிருந்தால் 39ஐ ஒட்டி இருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் நம்ம நெஞ்சுக்கூடும் அப்பிடித்தானா?" என்றார். டயர் மூடிய பை, நெஞ்சு திறந்த பை என்றேன். விளக்கம் சரி. ஆனால் என் குரல் சரியாக இல்லை.

சூலையில் ஒத்திகைக்குச் சென்றோம். கல்யாண், முர்பாட் வழியாக மால்ஷேஜ் காட்டில் ஏறி, மேட்டுநிலத்தைச் சுற்றி நாணேகாட்டை அடைவது திட்டம். மராத்தி 'நாணே' என்பதும் நம் 'நாணயம்' என்பதும் உறவுச் சொற்கள். கொங்கணக் கரையின் துறைகளிலிருந்து ஜுன்னருக்குச் செல்லும் வணிகர் ஏறிய கணவாய் அது. அங்கே குகைச் சுவரில் சாதவாகன அரசி நாகனிகையின் பிராகிருதக் கல்வெட்டு பிராமி எழுத்தில் இருக்கிறது. வேள்விகளில் கொடுத்த பசு, குதிரை, காசு ஆகியவற்றின் எண்ணிக்கை இலக்கங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தியல் வகுப்பில் நிழற்படமாகப் பார்த்த கல். அருகே ஒரு பெரிய கற்சாடி. அதில்தான் சுங்கம் வாங்கினார்கள் என்பது ஊர் வழக்கு. எரிமலைப் படிக்கட்டில் ஏறுமுன் கணக்குப் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

கல்வெட்டைப் பார்த்துத் திரும்பும்போது தார்ச்சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்தடத்தில் வண்டியைத் திருப்பினேன். நூறு அடிக்குப் பின் மண் தீர்ந்து பாறைப் படி தொடங்கியது. தாழ்கியரில் போட்டு ஏற்றினேன். மழை ஊறிய பாசி. இடப் பின்சக்கரம் சுழன்றது. வண்டி ஒரு முழம் வழுக்கி நின்றது.

"வழுக்கினாலும் ஏறிடும்ப்பா" என்று மீண்டும் மிதித்தேன்.

அப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். மழையில் நனைந்தபடி ஒரு கல்லைத் தூக்கிவந்து சக்கரத்தின் பின்னால் முட்டுக்கொடுத்தார். என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். "பின்னால என்ன இருக்குன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. நாங்கள் ஏறி வந்த படிக்கு வலப்புறம் நீர் நிறைந்த குழி. அதன் ஆழம் எங்களுக்குத் தெரியாது. அப்பா பின்னால் நின்று கைகாட்ட, நாற்பது அடியைப் பின்னோக்கி இறக்க இருபது நிமிடம் ஆயிற்று. தார்ச்சாலைக்கு வந்ததும் அவர் ஒரு பாறையில் அமர்ந்தார். வலக்கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். நான் ஓடிப்போனேன். "ஒண்ணுமில்லம்மா, கல்லு கொஞ்சம் கனம்" என்றார். அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர்கூட இல்லை.

திரும்பும் வழியெல்லாம் என் வாயிலிருந்து வந்த அந்த ஈற்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் ஆய்வுப் பொருளே மும்பைத் தமிழர் பேச்சில் நிபந்தனைத் தொடர்கள். தொல்காப்பியம் கூறும் வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயின்' ஒன்று. இன்றைய தமிழில் 'செய்தால்' அதன் பணியை ஆற்றுகிறது. 'மழை பெய்தால் திரும்புவோம்' என்பதில் முதல் வினை இரண்டாவதற்குக் கடிவாளம். அதோடு ஓர் 'உம்' சேர்ந்தால் கடிவாளம் அறுந்துவிடும்: 'மழை பெய்தாலும் போவோம்.' உலகம் என்ன சொன்னாலும் என் வினை மாறாது என்பதே அந்த உம்மையின் பொருள். நம் பயணக் கதைகள் பெரும்பாலும் இந்த உம்மையில்தான் பெருமை கொள்கின்றன. மூச்சு வாங்கினாலும் ஏறினோம். தலை சுற்றினாலும் நின்று படம் எடுத்தோம். மேசையில் அமர்ந்து ஐந்து ஆண்டு நான் பகுத்த இலக்கணத்தை, மலையில் ஒரு முழ வழுக்கலில் பிழையாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

அன்றிரவு வீடு வந்ததும் அப்பாவின் பழைய கேள்வியை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் முன் அமர்ந்தேன். இறங்கும் வழி எங்கே?

நுப்ராவில் டிஸ்கிட் ஏறக்குறைய 3,100 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. ஏறிக் கடந்து தாழ்ந்து உறங்குவதால் அது பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். ஆனால் அங்கே இரவில் அப்பாவின் நெஞ்சு வலித்தால்? டிஸ்கிட்டில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுமென்றால் லேக்கு வரவேண்டும். லேக்கு வர கார்துங் லாவில் மீண்டும் ஏறவேண்டும். அதை விட்டால் வாரி லா. அதை விட்டால் ஷியோக் ஓரமாகச் சுற்றிச் சாங் லா. வண்டிக்கு இருக்கும் மூன்று வாயில்களும் 5,000 மீட்டருக்கு மேல். மூச்சு முட்டுபவரைக் கீழே இறக்குவதற்காக முதலில் மேலே ஏற்றவேண்டிய பள்ளத்தாக்கு அது. என் தாளில் இறங்கும் வழி என்று ஒன்று இல்லவே இல்லை. முப்பது ஆண்டு காட்டில் ஓட்டியவர் வரைபடம் பார்க்காமலே கேட்ட கேள்வியின் விடை இதுதான்.

மருத்துவரைக் கண்டோம். ட்ரெட்மில் சோதனை செய்தார். போகவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. மெல்ல ஏறுங்கள்; இரவில் உயரத்தில் தங்காதீர்கள்; மருந்துகளை ஒரு நாளும் விடாதீர்கள்; உயரத்துக்கான மாத்திரையை நான் எழுதிக் கொடுத்தால் ஒழிய வாங்காதீர்கள் என்றார். கவனித்தேன்: அவர் பேச்சு முழுதும் 'ஆல்'.

புதிய தாள் எழுதினோம். இம்முறை இருவரும் சேர்ந்து.

வழி மணாலி அன்று, ஸ்ரீநகர். அங்கே, 1,585 மீட்டரில், இரண்டு இரவு. பிறகு சோனமர்க்கில் ஓர் இரவு. பகலில் 3,528 மீட்டர் ஜோஜி லாவைக் கடந்து, டிராஸ் வழியாக, 2,676 மீட்டரில் உள்ள கார்கிலில் உறக்கம். கார்துங் பாறைகளை இம்முறை விட்டுவிட்டோம். டிராசிலும் எரிமலைப் பாறை உண்டு; நிலவியலார் அதற்கு ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கிரெட்டேசியக் காலத்தில் டெத்திஸ் கடலில் வரிசையாக எழுந்த எரிமலைத் தீவுகளின் எச்சம் அது. ஊர் 3,280 மீட்டரில் இருக்கிறது. பகலில் பார்த்துவிட்டு மாலையில் 600 மீட்டர் இறங்கிவிடலாம். கார்கிலில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து ஸ்ரீநகருக்குத் திரும்பும் வழியும் ஒரு கணவாய்தான். ஆனால் அது நுப்ராவின் வாயில்களைவிட ஏறக்குறைய 1,800 மீட்டர் தாழ்வு.

செப்டம்பரில் போகிறோம். பனியுருகும் ஓடைகள் அப்போது சற்று அடங்கியிருக்கும். தாளிலிருந்து சில வரிகள்:

தலை வலித்தால், வலி நிற்கும்வரை ஏறமாட்டோம். நிற்காவிட்டால், இறங்குவோம்.

நிர்வாகம் இசைவு தந்தால், டிராசிலிருந்து முஷ்கோ பள்ளத்தாக்கின் மண்தடத்தில் போவோம். தராவிட்டால், சாலையிலிருந்தே பார்ப்போம்.

ஓடையைக் காலையில் கடப்போம். பிற்பகலில் பனிநீர் பெருகும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால், கடக்கமாட்டோம்.

தடத்தில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைப்போம். காற்றடிக்கும் பம்பு வேலை செய்யாவிட்டால், தடத்தில் இறங்கவே மாட்டோம்.

இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குவோம். இது அப்பாவின் வரி. இதில் நிபந்தனை இல்லை.

ஸ்டெப்னி இரண்டு, ஜாக்கி, முட்டுக்கட்டை நான்கு, இழுகயிறு. போஸ்ட்பெய்டு சிம், வெளிமாநிலப் பிரீபெய்டு அங்கே எடுக்காது. எந்தத் தடத்திலும் ஏறுமுன் ஒருவர் நடந்து பார்ப்பார். நடப்பவள் நான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அப்பா தாளை வாங்கி அடியில் ஒரு வரி எழுதினார்: 'என்னால் முடியாவிட்டால், என்னைக் கார்கிலில் விட்டுவிட்டு நீ போய்ப் பார்த்து வா.'

நான் அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'அப்பாவால் முடியாவிட்டால், திரும்புவோம்.'

"ரெண்டு டிரைவர் போற லாரியில ஒருத்தனுக்கு ஆவலன்னா, மத்தவன் லோடக் கொண்டு சேக்கணும்மா. அதான் மொற."

"இது லோடு இல்லப்பா."

"ஒனக்கு அந்தக் கல்லப் பாக்கணும்."

"உங்களோட பாக்கணும்."

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் அடித்த வரியின் மேல், அதே சொற்களை மீண்டும் எழுதிவைத்தார். வாழ்நாள் முழுதும் சுமையை ஒப்படைக்காமல் திரும்பியதில்லை என்ற பெருமையில் வாழ்ந்தவர். தாம் ஒரு பயணத்தின் தடையாவதை அவரால் தாங்கமுடியாது. எனக்கோ, அவரைக் கார்கிலில் ஒரு விடுதியறையில் விட்டுவிட்டுப் பார்க்கும் கல் வெறும் கல். இருவர் வரியும் நிபந்தனைத் தொடர்தான், முற்பகுதி ஒன்றே. முற்றுவினையில்தான் பிரிகிறோம். இலக்கணத்தால் இதைத் தீர்க்கமுடியவில்லை. இரண்டு கையெழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்ரீநகர் போய்ச் சேர்வதற்குள், அந்த 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சமவெளிச் சாலையிலும் மலைச்சாலையிலும், இருவரும் பேசித் தீர்ப்போம். தீராவிட்டால், வண்டியை ஓட்டுபவரின் வரியே செல்லும் என்று அம்மா தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அன்று முதல் அப்பா காலையில் ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் துடைத்து மாட்டுகிறார்.

செப்டம்பரில் டிராஸ், முஷ்கோ பக்கம் ஓட்டியவர்கள், குறிப்பாகப் பெற்றோரை அழைத்துச் சென்றவர்கள், இங்கே எழுதினால் உதவியாக இருக்கும். ஏறிய கதையைவிட, எங்கே திரும்பினீர்கள், எதைப் பார்த்துத் திரும்பினீர்கள் என்று எழுதுங்கள். தாளின் பின்பக்கம் அதற்காகவே காலியாக இருக்கிறது.